பழைய ஜீப்பின் பின் ஆக்சிலில் எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) மாட்டுவது: டெல்டாவில் முதல்முறை செய்பவர்களுக்கு

உங்கள் ஜீப்பின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்து, இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்படி தூக்குங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு கியரில் விடுங்கள். இப்போது ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இதை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருந்து விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

உள்ளே ஸ்டார் பினியன் என்று சொல்கிற சின்னப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பது இவைதான். ஆனால் எஞ்சினிலிருந்து வரும் விசையை இரண்டு பக்கத்துக்கும் சரிபாதியாகத்தான் இவை பிரிக்கும். வலது சக்கரம் களிமண்ணில் வழுக்கி இருபது பங்கு விசைக்கு மேல் தாங்காது என்றால், கெட்டியான தரையில் நிற்கும் இடது சக்கரத்துக்கும் அதே இருபதுதான் கிடைக்கும். ஐப்பசி மழையில் வெண்ணாற்றங்கரையில் ஜீப் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு சக்கரம் சேற்றைக் கடைந்துகொண்டே இருக்கும். மற்றது அசையாமல் நிற்கும்.

நாலு வீல் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். பல நேரம் போதும். ஆனால் முன் ஆக்சிலிலும் இதே கதைதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரம் வழுக்கினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பின் ஆக்சிலில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது எல்.எஸ்.டி. இருந்தால், பிடியுள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசை போகும்.

எந்த வகை வாங்குவது

இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று பிளேட் வகை. சைடு கியருக்குப் பின்னால் கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். விசை ஏற ஏற அவை இறுகி, சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும். ஆரம்ப அழுத்தம் கொடுத்து அமைத்த பிளேட் வகையில், ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றதுக்குக் கொஞ்சம் விசை போகும். பிளேட் தேயும், மாற்ற வேண்டிவரும். இன்னொன்று ஹெலிகல் கியர் வகை. தேய்கிற பிளேட் இல்லை, சத்தமில்லாமல் வேலை செய்யும். பிடியுள்ள சக்கரத்துக்கு மற்றதைவிட ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை மடங்கு வரை விசை கொடுக்கும். ஆனால் மற்றது முழுக்க அந்தரத்தில் இருந்தால் சுழியத்தின் மூன்று மடங்கும் சுழியம்தானே. அப்போது பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் நகரும்.

பாறை மேட்டில் ஏறுகிறவருக்குச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். நம் ஊரில் அது அபூர்வம். இங்கே சக்கரம் புதையும், வழுக்கும், ஆனால் தரையை விட்டு எழாது. அதனால் டெல்டாவுக்கு ஹெலிகல் வகையே போதும் என்பது என் தீர்மானம். பழைய பிளேட் வகை நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நான் மாட்டியிருப்பது அதைத்தான்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆற்றங்கரை, வாய்க்கால் கரைகளின் மேல் எல்.எஸ்.டி. போட்ட வண்டிக்கு வேறு ஒரு ஆபத்து உண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழலும்போது மற்றது சுழலாமல் தரையைப் பிடித்திருக்கும். அது பின்பக்கத்தை நேராக வைத்திருக்கும். எல்.எஸ்.டி. இருந்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். கரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் வண்டியின் பின்பகுதி சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் நிறைய தண்ணீர் என்று இருக்கிற கரையில் இது விளையாட்டில்லை. மழையில் கரைமேல் போகும்போது ஆக்சிலரேட்டரை முட்டை மேல் கால் வைத்த மாதிரி மிதிக்கப் பழகாதவர் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பொருந்துமா என்று பார்ப்பது

நான் சொல்வது வில்லிஸ் சி.ஜே. 3பி வழியில் வந்த பழைய மகிந்திரா ஜீப்பின் டானா 44 பின் ஆக்சிலை வைத்து. உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் எட்டரை அங்குலம். பின் மூடியில் பத்து போல்ட். சக்கர ஹப், ஷாஃப்ட்டின் கூம்பு முனையில் சாவியோடு உட்கார்ந்திருக்கும். வேறு ஆக்சில் என்றால் முறை இதேதான், அளவுகள் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் நான்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது விகிதம். கிரவுனிலும், அதைச் சுற்றவைக்கும் சின்னப் பற்சக்கரமான பினியனிலும் பல்லை எண்ணி வகுத்துப் பாருங்கள். 43க்கு 8 என்றால் 5.38. 47க்கு 11 என்றால் 4.27. கிரவுனைத் தாங்கி, டிஃபரன்ஷியலை உள்ளே வைத்திருக்கும் கூடுதான் கேரியர். டானா 44இல் 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92 முதல் மேலே வேறு கேரியர். கிரவுன் உட்காரும் இடத்தின் உயரம் இரண்டிலும் வேறு. ஜீப்புக்கு வேண்டியது இரண்டாவது. இரண்டாவது விஷயம், ஷாஃப்ட் முனையிலுள்ள ஸ்ப்ளைன், அதாவது நீளவாக்கில் வெட்டிய பற்களின் எண்ணிக்கை. பழையதில் 10 இருக்கும், பிறகு வந்தவற்றில் 19, வெளிநாட்டுப் புது வண்டிகளில் 30. எனக்கு முதலில் வந்த பெட்டியில் 30 ஸ்ப்ளைன் சாமான் இருந்தது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தார். எண்ணிய எண்ணிக்கையை எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

மூன்றாவது, கேரியர் பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம். நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இந்த ஆக்சிலில் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவில், டிஃபரன்ஷியலின் வயிற்றில், ஒரு த்ரஸ்ட் பிளாக் இருக்கும். வளைவில் ஒரு சக்கரம் உள்ளே தள்ளும்போது அந்தத் தள்ளலை அடுத்த பக்கத்து பேரிங்குக்குக் கடத்துவது அந்தக் கட்டிதான். அது இல்லாத எல்.எஸ்.டி.யை மாட்டினால் ஷாஃப்ட் உள்ளே வெளியே ஆடி, பேரிங்கும் ஆயில் சீலும் போய்விடும். கூம்பு முனை ஷாஃப்ட்டுக்கு ஏற்ற, த்ரஸ்ட் பிளாக் உள்ள சாமான்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

எப்போது செய்வது

சித்திரையில். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்வதற்குள் வண்டி தயாராகிவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், ஜீப்புக்கு வேலை இல்லை. பட்டறையிலும் லேத்திலும் அவசரமில்லாமல் செய்துகொடுப்பார்கள்.

கழற்றும் முன்

மூடியின் அடிப் போல்ட்டைத் தளர்த்தி ஆயிலை வடித்து, மூடியைக் கழற்றி, உள்ளே மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தமாகத் துடையுங்கள். கிரவுன் பற்கள் தெரியும். இங்கே நிறுத்துங்கள். எதையும் கழற்றாதீர்கள்.

காந்த அடி வைத்த டயல் கேஜை ஹவுசிங்கில் (ஆக்சிலின் வெளிக்கூட்டில்) ஒட்டி, முனை கிரவுன் பல்லின் மேல் நேராகத் தொடும்படி வையுங்கள். பினியனை ஒருவர் அசையாமல் பிடிக்க, கிரவுனை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். முள் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் பேக்லாஷ். நான்கு இடத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அப்புறம் ஏழெட்டுப் பல்லில் மஞ்சள் நிறம் தடவி, கிரவுனை இரண்டு பக்கமும் சுற்றி, பல் மேல் விழும் தடத்தை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று விற்கும் சாயம் கிடைக்காவிட்டால் ஓவியம் வரைபவர்கள் வாங்கும் ஆயில் பெயிண்ட் டியூப் போதும். தஞ்சாவூரில் அதற்குப் பஞ்சமில்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பினியனை நாம் தொடப்போவதே இல்லை. கிரவுனும் பினியனும் பல வருஷமாக ஒன்றையொன்று தேய்த்துப் பழகிய ஜோடி. நாம் மாற்றுவது அந்தக் கிரவுனைத் தாங்கும் கேரியரை மட்டும். புதுக் கேரியரில் கிரவுன் பழைய இடத்திலேயே வந்து நின்றால் வேலை வெற்றி. கொஞ்சம் தள்ளி நின்றால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊளையிடும். முதல்முறை நான் அளக்காமல் கழற்றினேன். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டே போய், திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். “தம்பி, கிரவுன் எங்க நின்னுச்சுன்னு எழுதினியா?” என்றுதான் மேஸ்திரி முதலில் கேட்டார். “இல்லண்ணே” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டயல் கேஜை எடுத்துக் கையில் கொடுத்தார்.

பிரிப்பது

ஹப் நட்டின் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து நட்டைத் தளர்த்துங்கள், முழுவதும் கழற்றாதீர்கள். கூம்பில் இறுகிய ஹப் புல்லரில் விடும்போது வெடித்த மாதிரி தெறிக்கும். நட்டு இருந்தால் அது ஹப்பைத் தடுத்துப் பிடிக்கும். புல்லர் ஹப்பின் வீல் போல்ட்டுகளைப் பிடிப்பதாக இருக்கட்டும். டிரம்மின் விளிம்பைப் பிடித்து இழுத்தால் டிரம் உடையும். பிறகு பிரேக் பைப்பைக் கழற்றி, பேக் பிளேட்டை எடுங்கள். இடது பக்கம் பேக் பிளேட்டுக்குப் பின்னால் மெல்லிய ஷிம்கள், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் தகடுகள் இருக்கும். ஒன்றுவிடாமல் கம்பியில் கோத்துச் சீட்டு எழுதிக் கட்டிவையுங்கள். ஷாஃப்ட்டை பேரிங்கோடு நேராக இழுத்தால் வந்துவிடும்.

கேரியர் பேரிங் கேப் இரண்டிலும் எது இடது, எது வலது, எது மேல் என்று பஞ்சால் புள்ளி வையுங்கள். ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை அவை, இடம் மாறக் கூடாது. கேரியர் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். விரிப்பான் வைத்து ஹவுசிங்கை விரிப்பவர்கள் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள், ஹவுசிங் வளைந்துபோனால் மறுபடி திரும்பாது. விரிப்பான் இல்லையென்றால் இரண்டு நீளக் கடப்பாரை, மரக்கட்டை, பொறுமை. கேரியர் கனமானது, அடியில் காலை வைக்காதீர்கள்.

ஷிம் கணக்கு

இந்த ஆக்சிலில் ஷிம் இருப்பது பேரிங்குக்கும் கேரியருக்கும் நடுவில். ஒவ்வொரு முறை ஷிம்மை மாற்றவும் பேரிங்கைப் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் பேரிங் கெடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய பேரிங் இரண்டையும் எடுத்து, உள் துளையை எமரித் தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கையாலேயே ஏறி இறங்கும்படி செய்துகொள்ளுங்கள். அளவு பார்க்க மட்டும் இந்த இரண்டு. கணக்கு முடிந்த பிறகு புதுப் பேரிங்கை ஒரே தடவை அழுத்தி ஏற்றினால் போதும். பிரஸ் இல்லாதவர் லேத் பட்டறையில் கொடுங்கள், சுத்தியால் அடிக்க வேண்டாம்.

அளவை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்கிறேன். பட்டறையில் ‘தௌ’ என்பார்கள்.

கிரவுன் மாட்டாத புதுக் கேரியரை, தேய்த்த பேரிங்கோடு, ஷிம் இல்லாமல் ஹவுசிங்கில் வையுங்கள். இடமும் வலமும் கட்டையால் தள்ளி, மொத்தம் எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜில் பாருங்கள். 92 தௌ வந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கிரவுனை மாட்டி, கேரியரைக் கிரவுன் இருக்கும் பக்கமாக முழுக்கத் தள்ளி, கேஜைச் சுழியத்தில் வையுங்கள். பிறகு கிரவுன் பினியனைத் தொட்டு, ஆட்டம் இல்லாமல் நிற்கும் வரை மறுபக்கம் தள்ளுங்கள். 48 தௌ வந்தது என்போம். அதாவது கிரவுன் பக்கம் 48 தௌ ஷிம் போட்டால் பேக்லாஷ் சுழியம். நமக்கு ஆறு தௌ பேக்லாஷ் வேண்டும். கேரியரைப் பத்து தௌ நகர்த்தினால் பேக்லாஷ் சுமார் ஏழு மாறும். ஆகவே எட்டைக் குறைத்து, கிரவுன் பக்கம் 40. மறுபக்கம் 92லிருந்து 40 போக 52. பேரிங் இறுக்கத்துக்காக அதோடு 15 சேர்த்து 67.

இது கணக்குதான். மாட்டி, கேப்பை இறுக்கி, மறுபடி பேக்லாஷைப் பாருங்கள். நான்கு இடத்திலும் ஐந்திலிருந்து எட்டு தௌவுக்குள் இருந்து, ஒன்றுக்கொன்று இரண்டுக்கு மேல் வித்தியாசம் இல்லாமலிருந்தால் நல்லது. தேய்ந்து பழகிய ஜோடி என்பதால், நோட்டில் எழுதிய பழைய அளவை ஒட்டி வந்தால் இன்னும் நல்லது. மஞ்சள் தடத்தை ஃபோட்டோவோடு ஒப்பிடுங்கள். மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டிவந்தால் மனம் தளராதீர்கள், எனக்கு ஐந்து முறை ஆனது.

கிரவுனை ஏற்றும்போது அது உட்காரும் புதுக் கேரியரின் முகத்தை எண்ணெய்க் கல்லால் தடவி, பிசிர் இல்லாமல் பாருங்கள். ஒரு மயிரிழை பிசிர் இருந்தாலும் கிரவுன் தள்ளாடும். கிரவுனைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்துத் துடைத்தால் கொஞ்சம் விரிந்து, தானாக உட்காரும். புதுப் போல்ட் போட்டு, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கேப் போல்ட் 70 முதல் 90 அடி-பவுண்டு. கிரவுன் போல்ட்டுக்கு மேனுவலில் உள்ளதை அப்படியே பின்பற்றுங்கள்.

ஷாஃப்ட்டுகளைத் திரும்பப் போட்டு, வலது பக்கத்தை முழுக்க இறுக்கி, இடது பேக் பிளேட் ஷிம்மில் உள்வெளி ஆட்டத்தைச் சரி செய்யுங்கள். ஐந்து தௌ இருந்தால் போதும். த்ரஸ்ட் பிளாக் மாறியிருப்பதால் பழைய ஷிம் அளவு இங்கே செல்லாது, புதிதாக அளக்க வேண்டும். ஹப் கூம்பில் கிரீஸ் தடவாதீர்கள், காய்ந்த நிலையில்தான் அது பிடிக்கும். நட்டு குறைந்தது 150 அடி-பவுண்டு. பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி அல்ல.

ஆயில்

ஜி.எல். 5 தரத்தில் 80டபிள்யூ-90. பக்கத்துத் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். பிளேட் வகை என்றால் எல்.எஸ்.டி.க்கென்று வரும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையரை டப்பாவில் சொன்ன அளவு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிரும். ஹெலிகலுக்கு அது வேண்டாம். மீந்த ஆயிலைப் பழைய ஜீப்பின் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். ஜி.எல். 5இல் உள்ள கந்தகச் சேர்மானம் அங்கே உள்ள பித்தளை வளையங்களைத் தின்றுவிடும்.

ஆக்சிலின் மேல் இருக்கும் மூச்சுத்துளையை ரப்பர் குழாய் போட்டு உயரே ஏற்றிக் கட்டுங்கள். ஓடிச் சூடான ஆக்சில் வாய்க்கால் தண்ணீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். கடைமடைப் பக்கம், வேதாரண்யம், முத்துப்பேட்டை உப்பங்கழி ஓரமெல்லாம் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் அன்றைக்கே வடித்துவிடுங்கள்.

ஓட்டுவது

பிளேட் வகையை மாட்டியவர் நெல் களம் மாதிரி வெட்டவெளியில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டுங்கள். இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து. ஆயில் பிளேட்டுகளுக்குள் இறங்கும். ஹெலிகலுக்கு இதெல்லாம் தேவையில்லை.

இனி ஒருபோதும் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு கியர் போடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து, வண்டி ஜாக்கியை விட்டுக் குதித்து ஓடும். வீட்டில் ஜீப்பைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பஞ்சர் கடைக்காரரிடமும் சொல்லுங்கள். பின் டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று ரீட்ரெடிங் என்று ஓட்டினால் நேர் ரோட்டில்கூட பிளேட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும்.

பிளேட் தேய்ந்ததா என்று வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்து, மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஹப் நட்டில் டார்க் ரெஞ்ச் வைத்து, இறுக்கும் பக்கமாகவே சுற்றுங்கள். 30 அடி-பவுண்டுக்குக் குறைவாகவே சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் பிளேட் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

முதல் 800 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, ஒரு காந்தத் துண்டைத் துணியில் சுற்றி அதில் அலசுங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் பயமில்லை, புது சாமான் பழகும்போது அப்படித்தான் வரும். விரலில் குத்துகிற சிம்பு வந்தால் வண்டியை எடுக்காமல் மூடியை மறுபடி கழற்றுங்கள்.